அப்பா படித்த கல்லூரி எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் வாங்குவது எப்படி என்று முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கும்பகோணத்தில் இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து பேப்பராகவே படித்திருப்பேன். இப்போது நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன், குளிர் விடுகிற வரைக்கும் வெளியே தலைகாட்ட வழியில்லை, அதனால் ஐபேடில் எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். எஸ்ஏடி என்ற நுழைவுத்தேர்வு மதிப்பெண், கட்டுரை, தொண்டு வேலை, பியானோ, பேச்சுப் போட்டி, ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம் என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று, அதுவும் சின்ன விஷயமில்லை. அப்பாவோ அம்மாவோ அதே கல்லூரியில் படித்தவரா என்பது. படித்தவர் என்றால் பிள்ளைக்கு அங்கே முன்னுரிமை. இங்கே அதற்கு லெகசி என்று பெயர். உயில் எழுதி விட்டுப்போகிற சொத்துக்கும் அதே சொல்தான்.

கடிதம் நீளும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள். 32 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், தப்பான எண்ணோடு அச்சில் வந்தால் பழைய மாணவர்கள் போன் போட்டே என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

போன தடவை நான் வந்திருந்தபோது, அக்டோபர் மாதம், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதே மேஜையில் பேத்தி லேப்டாப்பைத் திறந்தாள். காமன் ஆப் என்று ஒரு பொது விண்ணப்பம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு அது ஒன்றே போதும். பெயர், பிறந்த தேதி, முகவரி, அப்புறம் குடும்பம் என்று ஒரு பகுதி. அப்பா என்ன வேலை பார்க்கிறார், எந்தக் கல்லூரியில் படித்தார், என்ன பட்டம், எந்த வருஷம் வாங்கினார், அம்மாவுக்கும் அதே கேள்விகள். மகன் படித்தது தமிழ்நாட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. பேத்தி அதைப் பட்டியலில் தேடினாள், ஸ்பெல்லிங்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள், வரவில்லை, கடைசியில் தானே தட்டச்சு செய்துவிட்டாள். அவன் இங்கே வந்து எம்.எஸ். படித்த மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும் முதல் நாலு எழுத்திலேயே வந்து நின்றது. "விண்ணப்பம் போடறது நீயா, உங்கப்பாவா?" என்று நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இதுக்கும் மார்க் உண்டு தாத்தா" என்றாள்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. நம்ம ஊரில் மேனேஜ்மென்ட் கோட்டா தெரியும், நன்கொடை தெரியும், எம்.எல்.ஏ. கடிதம் தெரியும். பணம் கொடுத்து சீட் வாங்கினான் என்று தெருவே பேசும், வாங்கினவனும் அந்தப் பேச்சு வந்தால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வான். இங்கே அப்படி இல்லை. கல்லூரியே இதைக் கௌரவமாக, தலைமுறை தலைமுறையான பந்தம் என்று சொல்லிக்கொண்டு செய்கிறது, குடும்பங்களும் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையைக் கைக்குழந்தைக்கே மாட்டி போட்டோ எடுத்து வைக்கின்றன.

யாருடைய படிப்பு கணக்கில் சேரும் என்பதிலும் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் உண்டு. ஹார்வர்டில் அப்பாவோ அம்மாவோ இளங்கலையை அங்கே படித்திருந்தால்தான் சேரும், அங்கேயே எம்.பி.ஏ. படித்திருந்தாலும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் இங்கே வந்த வழியை நினைத்துப் பாருங்கள், ஊரில் பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். படிக்க வந்தவர்கள், இல்லையென்றால் கம்பெனி அனுப்பி எச்1பி விசாவில் வந்தவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகளுக்கு இந்தச் சொத்தில் ஒரு செப்புக்காசு கிடையாது.

சரி, எவ்வளவுதான் உதவுகிறது? அட்மிஷனில் இனத்தைப் பார்ப்பதை எதிர்த்து ஹார்வர்டின் மீது 2014-இல் தொடுத்த வழக்கு 2018 அக்டோபரில் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அதுவரை வெளியே தெரியாத அட்மிஷன் கணக்குகள் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆறு ஆண்டு விண்ணப்பங்களைச் சேர்த்துப் பார்த்ததில், பழைய மாணவர்களின் பிள்ளைகளில் 100-க்கு 33.6 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது, மற்றவர்களில் 100-க்கு 5.9 பேருக்கு.

இதைப் பார்த்ததும் ஆறு மடங்கு என்று குதித்துவிடக் கூடாது. வகுப்பில் இப்படிக் குதிக்கிற பையனை நான் எழுந்து நிற்கச் சொல்வேன். ஹார்வர்டில் படித்தவர் வீட்டுப் பிள்ளை நல்ல பள்ளியில் படித்திருக்கும், தனி டியூஷன் வைத்திருப்பார்கள், கோடை விடுமுறையில் ஏதாவது ஆராய்ச்சிக் கூடத்தில் போய் நின்றிருக்கும். அந்தப் பிள்ளையின் மதிப்பெண் இயல்பாகவே கூடுதலாக இருக்கத்தான் செய்யும். 33.6-இல் எவ்வளவு பிள்ளையின் திறமை, எவ்வளவு அப்பாவின் பெயர் என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை.

அந்தப் பிரித்தலை அழகாகச் செய்தவர்களில் ஒருவர், சொல்லவே சந்தோஷமாக இருக்கிறது, தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு அம்மாவின் பிள்ளை. ராஜ் செட்டி, ஹார்வர்டிலேயே பொருளாதாரப் பேராசிரியர். அவரும் டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மேன் என்ற இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 2023 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐவி லீக் என்று சொல்கிற பழைய, பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் எட்டு, அவற்றோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ. பெற்றோர் கட்டிய வருமான வரி விவரத்தையும் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணையும் இணைத்துப் பார்த்தார்கள். ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தாலும், நாட்டின் முதல் ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளை இந்தக் கல்லூரிகளில் சேர்வதற்கான வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அட்மிஷனில் கிடைக்கும் அந்தக் கூடுதல் சலுகையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு லெகசியால் வருவது, மீதி விளையாட்டு வீரர்களைச் சேர்ப்பதாலும், பாடத்துக்கு வெளியே உள்ள சாதனைகளுக்குக் கொடுக்கும் மதிப்பாலும். பணக்கார வீட்டு லெகசிப் பிள்ளைக்கு, அதே மதிப்பெண் வாங்கிய சராசரி விண்ணப்பதாரரைப் போல ஐந்து மடங்கு வாய்ப்பு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் வைத்த ஒரு சோதனை. அப்பா படித்த கல்லூரியில் இடம் கிடைத்த அதே மாதிரிப் பிள்ளைகள், அப்பாவுக்குச் சம்பந்தமே இல்லாத, அதே தரத்திலுள்ள பக்கத்துக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள் அல்லவா, அங்கே என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அங்கே மற்ற பிள்ளைகளைவிடப் பெரிதாக ஒரு சலுகையும் இல்லை. அதே மார்க், அதே பியானோ, அதே கட்டுரை. ஒரு கதவில் மட்டும் அகலத் திறக்கிறது, மற்ற கதவுகளில் வரிசையில் நில் என்கிறார்கள். அப்படியென்றால் அந்த ஒரு கதவைத் திறந்தது பிள்ளையின் திறமையா? முப்பது பக்கம் விவாதம் பண்ணவேண்டியதை ஒரே சோதனையில் முடித்துவிட்டார்கள். நான் இன்னும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தால் இதைக் கரும்பலகையில் எழுதியிருப்பேன்.

கல்லூரிக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது, நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். தகுதியில்லாதவரை நாங்கள் எடுப்பதில்லை, இரண்டு பேர் சரிசமமாக வந்து நின்றால் அப்போது மட்டும் பழைய மாணவரின் பிள்ளை பக்கம் தராசு சாயும், அவ்வளவுதான் என்பார்கள். ஹார்வர்டு இதற்கு வைத்திருக்கும் பெயர் டிப், அதாவது தராசுத் தட்டில் போடும் துளி எடை. இங்கே எங்கள் மாநிலத்திலேயே இருக்கிற பிரின்ஸ்டனும் சரிசமத்தை உடைக்கத்தான் என்று சொல்லித்தான் இதை வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எத்தனை பேர் சரிசமமாக நிற்கிறார்கள்? அதே ஹார்வர்டு வழக்கில் வந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு வருஷம் உள்நாட்டில் இருந்து மட்டும் சுமார் 26,000 விண்ணப்பம். அதில் எஸ்ஏடி கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சுமார் 3,400 பேர், ஆங்கிலப் பகுதியில் முழு மதிப்பெண் சுமார் 2,700 பேர், பள்ளிப் பாடங்களில் முழுத்தரம் எடுத்தவர்கள் 8,000 பேருக்கு மேல். சேரப்போவதோ சுமார் 1,600 பேர். எட்டாயிரம் பேர் சரிசமமாக நிற்கிற இடத்தில் சரிசமத்தை உடைக்கிற விதி துளி எடையா? அங்கே தேர்வு என்பதே அதுதான். கூட்டமில்லாத கடையில் "தெரிஞ்சவங்களுக்கு முதல்ல" என்று கடைக்காரர் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி துணிக்கடையில் சொல்லிப் பார்க்கட்டும்.

வழக்கின் கணக்கை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் எழுதிய இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர் பிள்ளைகள், கல்லூரித் தலைமையின் தனிக் கவனப் பட்டியலில் உள்ளவர்கள் (நன்கொடையாளர் பிள்ளைகளுக்கு அங்கே இடமுண்டு), பேராசிரியர், ஊழியர் பிள்ளைகள், இந்த நாலு வகையும் சேர்ந்து விண்ணப்பித்தவர்களில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் இடம் கிடைத்தவர்களில் சுமார் 30 சதவீதம். இடம் கிடைத்த வெள்ளை இன மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேல் இந்த நாலு வகைக்குள் வருகிறார்கள். ஆசிய, கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களில் 16 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 43 சதவீதத்தில் முக்கால்வாசிப் பேரைச் சாதாரண விண்ணப்பதாரராக நடத்தியிருந்தால் இடம் கிடைத்திருக்காது என்கிறது ஆய்வு. வழக்குப் போட்ட தரப்பின் நிபுணராக இருந்தவர்தான் இதை எழுதியவர்களில் ஒருவர், அதையும் சொல்லிவிடுவது முறை.

இது எப்படித் தொடங்கியது என்று பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏதோ நூற்றாண்டுகளாக வரும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன், இல்லை, சுமார் நூறு வருஷக் கதைதான். 1920 வாக்கில் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் யூதர்கள், அரசுப் பள்ளியில் படித்து நுழைவுத்தேர்வில் நல்ல மார்க் வாங்கி இந்தக் கல்லூரிகளுக்குள் வர ஆரம்பித்தார்கள். 1922-இல் ஹார்வர்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். அப்போது தலைவராக இருந்த லாரன்ஸ் லோவெல் வெளிப்படையாகவே ஒரு வரம்பு வைக்கலாம் என்றார், எதிர்ப்பு வந்தது, முறையை மாற்றினார்கள். மார்க் மட்டும் போதாது, குணநலன் வேண்டும், போட்டோ ஒட்டு, பரிந்துரை கொண்டு வா, எந்த ஊர் என்று சொல். அந்தக் காலத்து விண்ணப்பப் படிவத்தில், பிறந்த பிறகு உன் பெயரிலோ உன் அப்பா பெயரிலோ ஏதாவது மாற்றம் செய்யப்பட்டதா என்று ஒரு கேள்வி. யூதப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டவரைக் கண்டுபிடிக்க. பழைய மாணவர்களின் மகன்களுக்கு முன்னுரிமை என்பதும் இதே காலத்தில்தான் எழுத்தில் வருகிறது, டார்ட்மத்தில் 1922, யேலில் 1925.

சாப்பாட்டு மேஜையில் பேத்தி தன் அப்பாவின் கல்லூரியை ஸ்பெல்லிங் மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மார்க் வாங்கி வந்துவிட்ட குடியேறியவர் பிள்ளைகளைச் சமாளிக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு, நூறு வருஷம் கழித்து இன்னொரு குடியேறியவர் வீட்டு மேஜைக்கு வந்திருக்கிறது, இந்தத் தடவை யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கக்கூட இல்லை, படிவத்தில் கட்டம் இருக்கிறது, நிரப்பு, அவ்வளவுதான்.

(இடையில் ஒரு சின்னக் கதை. பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடி 1935-இல் ஹார்வர்டுக்கு எழுதிய விண்ணப்பக் கட்டுரை இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. நாலைந்து வாக்கியம். என் அப்பா படித்த கல்லூரியிலேயே படிக்க ஆசை என்பது அதில் ஒரு காரணம். ஏறக்குறைய அதையே பிரின்ஸ்டனுக்கும் எழுதினார். இரண்டிலும் இடம் கிடைத்தது. என் பேத்தி ஒரு கட்டுரையைப் பதினாலு தடவை திருத்தி எழுதினாள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.)

இனி நம் ஆட்கள் பக்கம் வருகிறேன், கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. அந்த ஹார்வர்டு வழக்கில்தான் 2023 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம், அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அன்றைக்கு எங்கள் மகன் இருக்கிற வாட்ஸாப் குழுவில் லட்டுப் படமாக வந்து விழுந்தது. இனிமேல் நம் பிள்ளைகளுக்கு நியாயம் என்று எழுதினார்கள். இத்தனை வருஷமும் நம் பிள்ளைகளின் இடத்தைக் கறுப்பினப் பிள்ளைகள்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தவர்களே பேசிக் கேட்டிருக்கிறேன். அதே வழக்கில் வெளிவந்த கணக்கிலிருந்துதான் மேலே நான் சொன்ன 33.6-உம் 43-உம் வந்தன, அதை யாரும் எடுத்துப் போடவில்லை. 1990-லேயே அமெரிக்கக் கல்வித்துறை ஹார்வர்டை விசாரித்து, ஆசிய மாணவர்களுக்குக் குறைவாக இடம் கிடைப்பது லெகசி, விளையாட்டுச் சலுகைகளால்தான், அது சட்டத்துக்கு உட்பட்டதே என்று கோப்பை மூடியிருக்கிறது. 2023-இல் வந்த வேறொரு ஆய்வு சுமார் 6,85,000 விண்ணப்பங்களை வைத்துப் பார்த்தது. ஒரே மாதிரி மதிப்பெண்ணும் செயல்பாடுகளும் இருந்தும், வெள்ளை இன மாணவர்களோடு ஒப்பிட்டால் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகளில் நுழையும் வாய்ப்பு விகிதம் ஆசிய மாணவர்களுக்கு 28 சதவீதம் குறைவு, அதிலும் தெற்காசியர்களுக்கு 49 சதவீதம் குறைவு. அதற்கு ஒரு காரணமாக அவர்கள் காட்டியதே லெகசியைத்தான். தெற்காசிய விண்ணப்பதாரரைவிட வெள்ளை இன விண்ணப்பதாரர் லெகசியாக இருப்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

தீர்ப்புக்குச் சம்மதம் தெரிவித்த நீதிபதி கோர்சச்கூட, நன்கொடையாளர், பழைய மாணவர், பேராசிரியர் பிள்ளைகளுக்கு ஹார்வர்டு காட்டும் சலுகை அந்த அதிர்ஷ்டம் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன உதவி என்று கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். இனத்தைப் பார்க்கக் கூடாது என்றாகிவிட்ட பிறகும் அப்பாவைப் பார்க்கலாம் என்பது அப்படியே இருக்கிறது.

பேத்திக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவள் ரொம்ப ஆசைப்பட்ட ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம், மார்ச் மாதக் கடைசியில் இல்லை என்று சொல்லிவிட்டது. அதே கல்லூரியில் எங்கள் தெருவிலேயே இருக்கிற, அவளோடு அதே வகுப்பில் படித்த பையனுக்குக் கிடைத்தது, அவன் அப்பாவும் தாத்தாவும் அங்கே படித்தவர்கள். அந்தப் பையனை எனக்குத் தெரியும், பனி கொட்டினால் கேட்காமலேயே எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டுப் போவான், படிப்பிலும் கெட்டிக்காரன், இயற்பியலில் இவளைவிட ஒரு படி மேல் என்று இவளே சொல்வாள். அவனுக்குத் தகுதி இல்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் சேதி வந்த அன்று சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள், இவள் வாழ்த்துச் சொல்லப் போனாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், "தாத்தா, அவன் என்கிட்ட சாரி சொன்னான்." அந்தப் பதினெட்டு வயதுப் பையன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அப்பா வேறு எங்காவது படித்திருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருக்கலாம். இப்போது அது அவனுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது, யாருக்குமே தெரியப்போவதில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். மகன் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டான், "விடுங்கப்பா, இவ ஒரு நல்ல காலேஜ்ல படிச்சு முடிச்சா நாளைக்கு இவ பிள்ளைக்கு இதே சலுகை வருமே, அப்ப வேண்டாம்னு சொல்லுவீங்களா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் அவன் கேட்டது அவனுடைய கேள்வி மட்டுமில்லை. இங்கேயே பிறந்து இந்தப் பெரிய கல்லூரிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, அவர்கள் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். நேற்று வரை வரிசையில் நின்றவர்கள் நாமும், இன்றைக்கு உள்ளே இருந்து கதவைப் பிடித்துக்கொள்ளும் முறை வந்திருக்கிறது. லெகசியை எடுத்துவிடுகிற பேச்சு வரும்போதெல்லாம், நம் ஆட்கள் உள்ளே வந்த பிறகா எடுப்பீர்கள் என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே வந்த நம் ஆட்கள் எத்தனை பேர்? எடிசன் நகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவரின் பிள்ளையும், டாக்சி ஓட்டுகிறவரின் பிள்ளையும், உதவித்தொகையை நம்பி இருக்கிற பிள்ளையும் நம் ஆட்கள் இல்லையா? சொத்துரிமை வந்தபிறகு "நம் ஆட்கள்" என்ற சொல் சுருங்கிவிடுகிறது. மகனிடம் மறுநாள் காலையில்தான் சொன்னேன், ஆமாம், அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று. அவன் நம்பவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் அப்போது இருக்கப் போவதில்லை என்பதால் சொல்வது சுலபம் என்று நினைத்திருப்பான்.

மூன்றாம் தலைமுறையாக யேலில் படித்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷே, அதிபராக இருக்கும்போது 2004-இல், இதை எடுத்துவிடலாமா என்று பத்திரிகையாளர் கூட்டத்தில் கேட்டதற்கு, ஆமாம் என்றார். அனுபவித்தவர் வாயாலேயே வந்தது.

காசு இல்லாமல் போய்விடும், பழைய மாணவர்கள் நன்கொடையை நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் எப்போதும் சொல்லும் பயம். ஒரு கல்லூரியின் கணக்கை வைத்துச் செய்த ஆய்வில் லெகசிக் குடும்பங்கள் நன்கொடை கூடுதலாகத் தருவதும், இடம் கொடுத்தால் மறுக்காமல் வந்து சேருவதும் தெரியவந்தது உண்மைதான். ஆனால் எம்ஐடியும் கால்டெக்கும் லெகசி பார்ப்பதில்லை, அவை ஒன்றும் ஏழையாகிவிடவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2014-இல் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு 2020-இல்தான் வெளியே சொன்னது. 2009-இல் முதலாண்டு மாணவர்களில் 12.5 சதவீதம் லெகசி, 2019-இல் 3.5 சதவீதம். அதே பத்து வருஷத்தில் அரசின் பெல் உதவித்தொகை பெறத் தகுதியான எளிய வீட்டுப் பிள்ளைகள் 9 சதவீதத்தில் இருந்து 19 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். ஆம்ஹர்ஸ்ட் 2021-இல் விட்டது, வெஸ்லியன் 2023-இல் தீர்ப்பு வந்த மறு மாதம்.

சட்டமும் மெல்ல வருகிறது. கொலராடோ மாநிலம் 2021-இல் அரசுக் கல்லூரிகளுக்குத் தடை போட்டது, 2024-இல் வர்ஜீனியா, இல்லினாய் இரண்டும் அதே மாதிரி. மேரிலாந்து தனியாரையும் சேர்த்துத் தடுத்தது. கலிஃபோர்னியா தனியாருக்குப் போட்ட தடை 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, ஆனால் மீறினால் அபராதம் இல்லை, மீறிய கல்லூரியின் பெயரை அரசு இணையத்தில் போடும், அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்டு என்ன செய்தது தெரியுமா? லெகசியை விட மாட்டோம், உங்கள் மாநில உதவித்தொகை வேண்டாம், அந்தப் பணத்தை மாணவர்களுக்கு நாங்களே கொடுத்துக்கொள்கிறோம் என்றுவிட்டது. லெகசியின் விலை என்ன என்று யாராவது கேட்டால் இனிமேல் ஒரு கணக்குக் காட்டலாம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை கல்விப் பக்கத்தில் இதை எழுதும்போது ஒரே ஒரு விஷயம் சேர்த்துப் போடுங்கள், படிக்கிற பெற்றோருக்கு உபயோகமாக இருக்கும். ஆலோசகருக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள், இது இலவசம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்று ஓர் அறிக்கை வெளியிடுகின்றன, கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்று ஒரு அட்டவணை. மதிப்பெண், கட்டுரை, நேர்காணல், குணநலன் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே மிக முக்கியம், முக்கியம், கருதப்படும், கருதப்படாது என்று நாலு கட்டம், ஒன்றில் குறி. கொஞ்சம் கீழே வந்தால் பழைய மாணவர் உறவு என்று ஒரு வரி வரும். எம்ஐடியில் அந்தக் குறி கருதப்படாது என்ற கட்டத்தில் இருக்கும். மற்றதில் வேறு இடத்தில் இருந்தால் விண்ணப்பமே போடாதீர்கள் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போடுங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 75, 80 டாலர், ஊர்க் காசுக்கு ஒரு மாத மளிகை.

பேத்தி இப்போது மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு, சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். போன தடவை நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் அவளும் நானும் உட்கார்ந்து அவள் போட்ட ஒன்பது கல்லூரிகளுக்கும் அந்த சி7 வரியைத் தேடிப் பார்த்தோம். ஆறில் குறி கருதப்படும் என்ற கட்டத்தில் இருந்தது. நாங்கள் பார்த்தது ஏப்ரலில், பணம் கட்டியது அக்டோபரில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம் (தற்சமயம் நியூ ஜெர்சி)